நீல் யங்கை அகர வரிசையில் கேட்காதீர்கள்

2006-ல் பக்கத்து சீட் நண்பர் வேலையை விட்டுப் போனார். போகிற அன்று மதியம் கேன்டீனில் வைத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொடுத்து, "இதுல ஒரு மனுஷன் முழுசா இருக்கார் பாஸ், பொறுமையா கேளுங்க" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் 'நீல் யங்' என்ற ராக் பாடகரின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் முப்பத்துச் சொச்சம் ஃபோல்டர்கள். எது எந்த வருடம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்தபடி ஆங்கில அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தது. சரி, மேலிருந்தே ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் ஃபோல்டர் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்'. பியானோ, கொஞ்சம் மூக்கால் பாடுகிற, எந்த நிமிடமும் உடைந்துவிடும் போலிருக்கிற உச்சக் குரல். பிடித்தது. இரண்டாவது 'அமெரிக்கன் ஸ்டார்ஸ் அண்ட் பார்ஸ்'. முன்பாதி நாட்டுப்புறக் கூத்தாகப் போய், கடைசிக்கு முந்தின பாட்டில் எட்டு நிமிடம் புயல் அடித்தது. அதுவும் பிடித்தது. மூன்றாவது 'ஆர்க்'. ஒரே ஒரு ஃபைல், 35 நிமிடம். கிடாரின் ஓலம், டிரம்ஸ் உருளும் சத்தம், எங்கிருந்தோ அரை வரி, மறுபடி ஓலம். பத்து நிமிடம் ஆகியும் பாட்டு வரவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்து அழித்துவிட்டேன்.

கெட்டெல்லாம் போகவில்லை. 1991 சுற்றுப்பயணத்தில் பாடல்களின் தலையிலும் வாலிலும் கிளம்பிய ஃபீட்பேக் இரைச்சலைத் தனியே வெட்டி எடுத்து ஒட்டி, அதையே ஒரு ஆல்பமாக்கித் தன் பெயரில் விற்றிருக்கிறார் மனிதர். இது எனக்குத் தெரியவந்தது நாலைந்து வருடம் கழித்து.

என் காது அப்போது எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளையராஜா பாட்டில் வளர்ந்த காது. பாட்டென்றால் முகப்பிசை, பல்லவி, இடையிசை, சரணம், இன்னொரு இடையிசை. அந்த இரண்டாவது இடையிசை முதலாவது மாதிரி இருந்துவிடவே கூடாது. நாலரை நிமிடத்தில் ஒரு வினாடி சும்மா போகாது. இந்தக் காதோடு 'சின்னமன் கேர்ள்' பாட்டுக்குப் போனால், கிடார் சோலோ வர வேண்டிய இடத்தில் ஆள் ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றே ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், வாசிக்கத் தெரியாது போல என்று நினைத்தேன். இப்போது அதே இடத்தைக் கேட்கிறபோது ஒவ்வொரு இழுப்பும் வேறாக இருப்பது தெரிகிறது: ஒன்று கொஞ்சம் முந்துகிறது, ஒன்று கடிக்கிறது, ஒன்று வேண்டா வெறுப்பாக விழுகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1945 நவம்பரில் கனடாவின் டொரொண்டோவில் பிறந்தவர். ஐந்து வயதில் போலியோ. அப்பா பத்திரிகையாளர். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவோடு வின்னிபெக் நகரத்துக்குப் போய் அங்கே பள்ளிக்கூடப் பையன்களோடு பேண்ட். 1966-ல் ஒரு பழைய பான்டியாக் சவ ஊர்தியை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போகிறார். சவப்பெட்டி வைக்கிற இடத்தில் ஆம்ப்ளிஃபயரை வைக்க வசதி என்பது கணக்கு. சன்செட் பொலிவார்டின் நெரிசலில், ஆன்டாரியோ நம்பர் பிளேட் போட்ட இந்தச் சவ வண்டியைப் பார்த்து 'இது அவனாகத்தான் இருக்கும்' என்று ஏற்கனவே பழக்கமான பாடகர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் அடையாளம் கண்டுகொள்ள, 'பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற குழு பிறந்தது. இரண்டு வருடத்தில் அது உடைந்தது. 1968 கடைசியில் முதல் தனி ஆல்பம். அன்றிலிருந்து இன்றுவரை ஸ்டூடியோ ஆல்பங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். மேடைப் பதிவுகளும் பழைய நாடாக்களைத் தூசு தட்டி வெளியிட்ட பெட்டிகளும் தனிக் கணக்கு.

அகர வரிசை தோற்ற பிறகு தெரிந்தவர்களிடம் யோசனை கேட்டேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: 'ஹார்வெஸ்ட்'டில் தொடங்கு, அப்புறம் வருட வரிசையில் போ. நியாயமான யோசனைதான். 1972-ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அது. அதிலிருக்கிற 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அங்கே முதலிடத்துக்குப் போன அவருடைய ஒரே பாட்டு. அந்தச் சமயம் அவருக்கு முதுகில் கோளாறு, இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டுதான் நடமாட்டம். கனமான எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்க முடியாததால் உட்கார்ந்து மரக் கிடாரை வாசித்தார். ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் போன இடத்தில், கூட வந்திருந்த ஜேம்ஸ் டெய்லரையும் லிண்டா ரான்ஸ்டாட்டையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் பின்பாட்டுப் பாட வைத்தார். முதுகு வலி கொடுத்த மென்மை உலகம் முழுக்க விற்றது.

நானும் கேட்டேன். அழகாக இருந்தது. சரி, அடுத்தது என்று 1973-க்குப் போனேன். மாடிப்படி இருக்கிறதென்று நம்பிக் காலை வைத்த இடத்தில் படி இல்லை.

'டைம் ஃபேட்ஸ் அவே' என்ற அந்த ஆல்பம் மேடையிலேயே பதிவானது. 'ஹார்வெஸ்ட்' பாட்டுகளைக் கேட்கப் பெரிய பெரிய அரங்குகளில் கூடியவர்களுக்கு, யாருமே கேட்டிராத புதுப் பாட்டுகளைக் கரகரத்த தொண்டையில் கத்திக் காட்டியிருக்கிறார். சுருதி அங்கங்கே விலகுகிறது. தான் போட்டதிலேயே மோசமான ஆல்பம் அதுதான் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். 2017 வரை அது சிடியாகவே வரவில்லை. என் டிஸ்க்கில் இருந்தது யாரோ புண்ணியவான் இசைத்தட்டிலிருந்து எடுத்தது. பின்னணியில் படபடவென்று எண்ணெய்ச் சட்டி பொரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பொரியலும் ஆல்பத்தின் ஒரு பகுதி என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

1977-ல் வந்த ஒரு தொகுப்பின் குறிப்பில் அவரே இதை விளக்கியிருக்கிறார். 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' தன்னை நடுரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது, அங்கே போவது சீக்கிரமே அலுத்துவிட்டது, அதனால் வண்டியைப் பள்ளத்துக்குத் திருப்பினேன். ஆட்டம் அதிகம்தான், ஆனால் அங்கேதான் சுவாரசியமான மனிதர்களைப் பார்த்தேன் என்கிற பொருளில். 'ஹார்வெஸ்ட்'டுக்குப் பின் வந்த மூன்று ஆல்பங்களையும் ரசிகர்கள் சேர்த்துப் 'பள்ளம்' என்றே கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வருட வரிசை வேலைக்கு ஆகாது. 1973-ல் பதிவான 'டுநைட்ஸ் த நைட்' 1975-ல்தான் வெளிவந்தது. அதற்குப் பிறகு செய்த 'ஆன் த பீச்' 1974-லேயே வந்துவிட்டது. 1975-ல் வரவேண்டிய 'ஹோம்குரோன்' என்ற ஆல்பத்தை, நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிய ஒரு இரவில் மனம் மாறி உள்ளே வைத்தவர், 2020-ல்தான் வெளியே எடுத்தார். ஒரு ஆல்பம் 45 வருடம் பரணில். எந்த வருடத்தில் வைத்துக் கேட்பது? செய்த வருடத்திலா, வந்த வருடத்திலா?

இப்படித் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மாமா நினைவுக்கு வந்தார். டிசம்பர் சீசனில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கச்சேரிப் பட்டியலில் பாடகர் பெயரைப் பார்ப்பார், பார்த்த கையோடு "மிருதங்கம் யாரு?" என்பார். அதே பாடகர்தான், அதே கல்யாணிதான். ஆனால் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை வைத்து அன்றைக்கு அவர் எப்படிப் பாடுவார் என்று மாமாவால் சொல்லிவிட முடியும். போகலாமா வேண்டாமா என்பதை மிருதங்கம்தான் முடிவு செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பக்கவாத்தியம் யார் என்று தேடி ஒரு நோட்டில் எழுதினேன். மாலைக்குள் குவியல்கள் தாமாகப் பிரிந்தன. வருடங்களை மறந்துவிட்டு டிஸ்க்கில் நாலு ஃபோல்டர் போட்டேன்: 'குதிரை', 'பென்', 'தனியாக', 'அநாதை'.

குதிரை என்றால் 'கிரேஸி ஹார்ஸ்'. டேனி விட்டன் கிடார், பில்லி டால்பட் பேஸ், ரால்ஃப் மொலினா டிரம்ஸ். 'த ராக்கெட்ஸ்' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த கும்பலிலிருந்து இவர்களை அழைத்து வந்து 1969-ல் ஒரு ஆல்பம் போட்டார். அதிலிருக்கிற 'சின்னமன் கேர்ள்', 'டவுன் பை த ரிவர்', 'கௌகேர்ள் இன் த ஸேண்ட்' மூன்றையும் கடும் காய்ச்சலில் படுத்திருந்த ஒரே நாளில் எழுதியதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். காய்ச்சலின் வேகம் அந்தப் பாட்டுகளில் இருக்கிறது, அதாவது வேகமே இல்லாமை. அடுத்த காலை எடுத்து வைப்பதற்கு யோசித்து யோசித்து நடக்கிற நடை.

இந்த மூன்று பேரும் வித்தகர்கள் கிடையாது. அதே காலத்தில் அவர் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்ற சுத்தமான பாட்டுக்காரர்களோடும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சுருதி பிசகினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குதிரையில் அது இல்லை. மொலினாவின் தாளம் எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் விழும். டால்பட் தெரிந்த நாலு ஸ்வரத்தை விட்டு வெளியே போகமாட்டார். மேலே ஒருவர் தன் 1953 கிப்ஸன் லெஸ் பால் கிடாரை, கறுப்புப் பெயின்ட் அடித்ததால் 'ஓல்ட் பிளாக்' என்று பெயர் பெற்ற அந்த ஒரே கிடாரை, பத்து நிமிடம் உலுக்குவதற்கு வேண்டிய இடம் இப்படித்தான் கிடைக்கிறது. கீழே நிற்பவர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டியிருந்தால் அந்த இடம் அடைந்துபோயிருக்கும். ஒற்றை ஸ்வரத்தைப் பார்த்து நான் ஏன் சிரித்தேன் என்பது இங்கேதான் விளங்கியது. நான் மேளத்தைக் கேட்காமல் நாதஸ்வரத்தை மட்டும் கேட்டிருக்கிறேன்.

டேனி விட்டன்தான் இந்தக் கதையின் புண். 'டவுன் பை த ரிவர்' பாட்டில் இரண்டு கிடார்கள் பேசிக்கொள்ளும். பதில் சொல்கிற கிடார் அவருடையது. ஹெராயின் அவரைப் பிடித்தது. 1972 இறுதியில் சுற்றுப்பயண ஒத்திகைக்கு வந்தவரால் வாசிக்க முடியவில்லை. 50 டாலரும் விமான டிக்கெட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் நீல் யங். நவம்பர் 18, அன்று இரவே டேனி இறந்துபோனார். 29 வயது. சில மாதங்களில் மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்ட புரூஸ் பெரியும் போதையில் போனார்.

1973 ஆகஸ்டில் மிச்சமிருந்தவர்கள் ஹாலிவுட்டில் ஒரு ஒத்திகைக் கூடத்தில் கூடினார்கள். நள்ளிரவு தாண்டும்வரை டெக்கிலா குடித்துவிட்டு, அப்புறம் வாசித்தார்கள். அதுதான் 'டுநைட்ஸ் த நைட்'. நான் முதலில் கேட்டபோது யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்த ஒத்திகை என்றே நினைத்தேன். 'மெல்லோ மை மைண்ட்' பாட்டில் குரல் உச்சத்துக்கு ஏறப் பார்த்து முறிகிறது. யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நடுவில் ஒரு பாட்டு மட்டும் உற்சாகமாக வரும், வேறு ஒருவர் முன்னின்று பாடுவார். 1970 மார்ச்சில் நியூயார்க் மேடையில் பதிவானது; பாடுவது டேனி விட்டன். இழவு வீட்டில் இறந்தவரின் கல்யாண கேசட்டைப் போட்டதைப் போல அதை நடுவில் வைத்திருக்கிறார். இது தெரியாமல் கேட்டபோது அது பட்டியலில் நாலாவதோ ஐந்தாவதோ என்கிற ஒரு பாட்டு. தெரிந்த பிறகு அந்த இடம் வரும்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிடுகிறேன்.

டேனியின் இடத்துக்கு ஃபிராங்க் சாம்பெட்ரோ வந்த பிறகு குதிரை மறுபடி ஓடியது. 1975-ல் 'ஸூமா', 1979-ல் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்', 1990-ல் 'ராகெட் குளோரி'. எனக்கு இதில் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' பற்றி ஊரே சொல்கிற அளவு பித்தில்லை. முதல் பக்கம் தனிக் கிடார், இரண்டாம் பக்கம் குதிரை என்று ரொம்ப ஒழுங்காகக் கத்தரித்து வைத்திருக்கிறார். 'ராகெட் குளோரி'யில் அந்த ஒழுங்கெல்லாம் இல்லை. பண்ணைக் கொட்டகையில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்துவிட்டு, முடிய வேண்டிய பாட்டை முடிக்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். யாராவது குதிரையில் ஏற வழி கேட்டால் நான் இந்த வாசலைத்தான் காட்டுவேன். 2012-ல் வந்த 'சைக்கடெலிக் பில்' ஆல்பத்தின் முதல் பாட்டு 27 நிமிடம். மின்சார ரயிலில் தாம்பரத்தில் ஏறிப் போட்டால் கிண்டி வரும்வரை அதே இரண்டு மூன்று கோர்டுதான். பல்லாவரத்துக்குள் சலித்துவிடும், மீனம்பாக்கத்தில் சலிப்பு போய்விடும்.

'பென்' ஃபோல்டருக்கு வருவோம். பென் கீத், பெடல் ஸ்டீல் வாசிப்பவர். கிடாரை மடக்கு மேஜை மாதிரி கிடத்தி, கம்பியின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி, காலாலும் முழங்காலாலும் மிதிகளை அழுத்திச் சுருதியை வளைக்கிற வாத்தியம் அது. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு ராக் இசையில் சிபாரிசே வேண்டாத சத்தம் என்றால் இதுதான். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும். 1971-ல் 'ஹார்வெஸ்ட்' பதிவின்போது நாஷ்வில் ஸ்டூடியோவுக்குள் வந்தவர், 2010-ல் நீல் யங்கின் பண்ணையிலேயே இறக்கும்வரை கூடவே இருந்தார். கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

இந்தக் குவியலில் எனக்கு உயிர் 'ஆன் த பீச்'. 2003 வரை இதுவும் சிடியாக வராமல் கிடந்தது. பதிவு நடந்த நாட்களில் கஞ்சாவை வறுத்துத் தேனில் குழைத்த ஒரு பதார்த்தத்தை எல்லோரும் ஸ்பூன் ஸ்பூனாகத் தின்றுகொண்டிருந்தார்கள் என்பது பிரசித்தம். இரண்டாம் பக்கத்தின் மூன்று பாட்டும் அந்த மந்தத்தில்தான் மிதக்கின்றன. கடைசிப் பாட்டு 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்', கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். அதன் மெட்டு ஸ்காட்லாந்துக் கிடார்க்காரர் பெர்ட் ஜான்ஷின் ஒரு பாட்டிலிருந்து வந்தது என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். களைத்துப்போன ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் பேசுவதைப் போல இருக்கும். இதைக் கேட்கப் பகல் சரிப்படாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

1992-ல் 'ஹார்வெஸ்ட் மூன்' வந்ததற்குக் காரணம் காது. 'ஆர்க்' என்ற இரைச்சல் ஆல்பத்தைச் சொன்னேனே, அந்தச் சுற்றுப்பயணத்தின் சத்தத்தில் காதுக்குள் நிற்காத ரீங்காரம் வந்துவிட்டது. அதனால் சத்தமில்லாத ஒரு ஆல்பம் வேண்டும் என்று இருபது வருடத்துக்கு முந்தைய 'ஹார்வெஸ்ட்' கூட்டத்தைத் திரும்பக் கூப்பிட்டார். தலைப்புப் பாட்டில் தாளத்துக்கு நடுவே சரக் சரக் என்று ஒன்று வரும். துடைப்பத்தால் தரையைப் பெருக்கிப் பதிவு செய்தது. வாசல் பெருக்குகிற சத்தத்தோடு விடிகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005-ல் மூளையில் ரத்தநாளம் வீங்கியிருப்பது தெரிந்து, அறுவைக்கு முன்னும் பின்னுமாகப் 'ப்ரெய்ரி விண்ட்' செய்தபோதும் பக்கத்தில் பென் கீத்தான். முதுகு, காது, மூளை. உடம்பில் எங்கே அடிபட்டாலும் இந்த ஆளிடம்தான் வந்து சேர்கிறார்.

'தனியாக' ஃபோல்டர் சின்னது. 1976 ஆகஸ்ட் 11 அன்று மாலிபுவில் ஒரே ராத்திரியில் தனிக் கிடாரோடு பத்துப் பாட்டைப் பாடி வைத்துவிட்டு, அதை 2017-ல் 'ஹிட்ச்ஹைக்கர்' என்று வெளியிட்டார். குதிரையோடு முழங்கியதாக நமக்குத் தெரிந்த 'பௌடர்ஃபிங்கர்' அதில் முணுமுணுப்பாக இருக்கிறது. 2010-ல் வந்த 'ல நாய்ஸ்' தனி ஆள், ஆனால் எலக்ட்ரிக். ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' படத்துக்குப் படத்தை ஓடவிட்டுத் தனியாக உட்கார்ந்து வாசித்ததும் இங்கேதான். இவ்வளவுதான்.

'அநாதை' ஃபோல்டரில் பெரும்பாலும் எண்பதுகள். 'ஜெஃபன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறிப் போய், அடுத்தடுத்து ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆல்பங்களைக் கொடுத்தார். ஒன்று இயந்திரக் குரல். அடுத்தது ராக்கபிலி என்ற ஐம்பதுகளின் ராக் பாணி, மொத்தமே 25 நிமிடம்கூட வராது. 1983-ல் நிறுவனம் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. நீல் யங், நீல் யங் மாதிரி இல்லை என்பது வழக்கின் சாரம்! அவர் பதிலுக்கு 2 கோடியே 10 லட்சம் கேட்டுப் போட்டார். பிறகு இரண்டும் கைவிடப்பட்டன. வேடிக்கையான வழக்கு, ஆனால் 'லேண்டிங் ஆன் வாட்டர்' கேட்டவன் என்ற முறையில் எனக்கு நிறுவனத்தின் மேல் கொஞ்சம் இரக்கமும் உண்டு.

அந்த இயந்திரக் குரல் ஆல்பம் 'ட்ரான்ஸ்', 1982 கடைசியில் வந்தது. வோகோடர் என்ற கருவிக்குள் பாடி, குரலை ரோபோ ஆக்கிவிட்டார். பக்கவாத்தியப் பட்டியலில் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன, பென் கீத்கூட இருக்கிறார். கேட்டால் ஒருவரும் காதில் விழவில்லை. என் முறைக்கு அடங்காத ஆல்பம். அநாதையில் போட்டுவிட்டு மறந்தேன்.

2013-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. பதினோரு மாதம் அப்படி இருந்தார். கட்டில் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் அம்மா. மூன்று தட்டினால் என்ன என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கவில்லை. அவர் மூன்றுதான் அதிகம் தட்டுவார். நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்போம், ஃபேனா, போர்வையா, ஜன்னலா. கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த மாதங்களில் ஒரு நாள்தான் 'ட்ரான்ஸ்' எதற்காகச் செய்யப்பட்டது என்று படித்தேன். நீல் யங்கின் மகன் பென், 1978-ல் பிறந்தவன், பெருமூளை வாதம். பேச வராது, கை கால் சொன்னபடி கேட்காது. தினமும் மணிக்கணக்கில் பெற்றோரே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொத்தான்களை அழுத்தி அவன் எதையாவது இயக்க முடிந்தால் அன்றைக்கு அது பேச்சு. பிற்பாடு அவன் பொம்மை ரயிலைத் தானே ஓட்டுவதற்கென்று அப்பாவே ஸ்விட்ச் செய்து கொடுத்திருக்கிறார். அந்த ஆல்பத்தில் என் சொற்கள் உங்களுக்குப் புரியாது, என் மகன் சொற்கள் எனக்குப் புரியாததைப் போல, என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னார். ஆல்பம் வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள்.

'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' அந்தப் பையனுக்கான பாட்டு. ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற வழியில் கேட்டேன். சொல் எதுவும் பிடிபடவில்லை, குரல் மட்டும் கெஞ்சிக்கொண்டே இருந்தது. 1993-ல் ஒரு மேடைப் பதிவில் அதே பாட்டைக் கருவி இல்லாமல், மரக் கிடாரோடு சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். அதில் எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்கும். அழகான பாட்டு. ஆனால் நான் திரும்பப் போவது புரியாத அந்தப் பதிவுக்குத்தான்.

பக்கவாத்தியம் யார் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கத் தவறியிருக்கிறேன். 'ட்ரான்ஸ்' ஃபோல்டரை இழுத்துக்கொண்டு போய்ப் 'பென்' ஃபோல்டருக்குள் போட்டேன். பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் புதிதாக வந்துகொண்டேதான் இருக்கிறது. 2021-ல் குதிரை மறுபடி கூடியது. கொலராடோ மலையில் ஒரு பழைய கொட்டகை, ஆல்பத்தின் பெயரே 'பார்ன்'. டால்பட்டும் மொலினாவும் எழுபதைத் தாண்டியாயிற்று, தாளம் 1969-ல் விழுந்த அதே இடத்தில் பின்தங்கி விழுகிறது. பரணிலிருந்தும் 2022-ல் 'டோஸ்ட்', 2023-ல் 'குரோம் ட்ரீம்ஸ்' என்று பழையவை இறங்குகின்றன. நான் முடிக்கிற வேகத்தைவிட அவர் சேர்க்கிற வேகம் அதிகம். சில ஃபோல்டர்களை இன்னும் திறக்கவில்லை, அதில் அவசரமும் இல்லை.

அழித்துவிட்ட 'ஆர்க்'கை மட்டும் போன மாதம் திரும்பத் தேடி எடுத்தேன். எந்த ஃபோல்டர் என்பதில் இந்த முறை சந்தேகம் இல்லை, குதிரைதான். மாடியறையில் ஸ்பீக்கரில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இன்றைக்கு 35 நிமிடமும் என்று உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் போயிருக்கும். மொலினா எங்கே தட்டுகிறார், இரைச்சல் எங்கே அவருக்காகக் காத்திருக்கிறது என்று மெல்லப் பிடிபட ஆரம்பித்த நேரம். கீழிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"எவ்வளவு நேரமா மோட்டார் ஓடுது? டேங்க் வழியுதான்னு மேல போய்ப் பாருடா!"